பார்த்து எழுதுகிற பரீட்சை

புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்று அரசாங்கமே அனுமதித்த ஒரு பரீட்சையில் நான் மூன்று முறை தோற்றிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் எங்கள் அலுவலகத்தில் இதைத் தெரியாதவர் யாரும் கிடையாது. உங்களிடம் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அலுவலக நடைமுறை என்று அந்தப் பாடத்துக்குப் பெயர். ஒரு தபால் வந்தால் யார் முத்திரை குத்த வேண்டும், எந்தப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், கோப்பை எப்படிக் கட்ட வேண்டும், முடிந்த கோப்பை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைத் தலையணை மாதிரி ஒரு புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். எழுதியவர் தான் எழுதியதைத் திரும்பப் படித்திருக்க மாட்டார் என்று சத்தியமே செய்வேன். ஒரு வாக்கியம் பக்கத்தின் தலையில் தொடங்கிக் காலில் முடியும். நடுவில் 'மேற்படி', 'மேற்காணும்', 'மேலே குறிப்பிட்டவாறு'. எது மேலே என்று தேடிப்போவதற்குள் இரண்டு கொட்டாவி வந்துவிடும்.

பார்த்து எழுதுவதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தானே பார்ப்பதற்கு? மூன்று முறையும் நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தேன், மணி அடித்துவிட்டது.

என் கணவர் இதே அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். பழைய கோப்புகளைக் கட்டி அடுக்குகிற வேலை. மாரடைப்பில் போய்விட்டார். கருணை அடிப்படையில் எனக்கு இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. 'கிடைத்தது' என்று ஒரே சொல்லில் சொல்கிறேன், அதற்கு நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். இந்தத் தேர்வில் தேறினால்தான் உதவியாளர் ஆக முடியும். இந்த வருஷப் பட்டியலில் என் பெயர் வராவிட்டால், எனக்கு மூன்று வருஷம் பின்னால் சேர்ந்த பெண் எனக்கு மேலே உட்காருவாள். அவளுக்குத் தபால் பதியக் கற்றுக்கொடுத்ததே நான்தான். நல்ல பெண். அதனாலெல்லாம் என் வயிற்றெரிச்சல் குறையவில்லை.

"பார்த்து எழுதுற எக்ஸாம்லயே கோட் அடிச்சா எப்படிம்மா?" என்பார் எங்கள் கண்காணிப்பாளர். எல்லோரும் கேட்கும்படிதான் சொல்வார். நானும் சிரித்து வைப்பேன். அப்படிச் சிரித்ததற்காக இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

கூடுவாஞ்சேரியில் அடுக்குமாடி வீடு வாங்கிக் குடியிருக்கிற என் தம்பி கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அவன் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். படிக்க உட்காரும்போது அதில் ஒரு செடி முளைக்கும். போனைத் தொட்டால் செடி செத்துவிடும்.

"இருபத்தஞ்சு நிமிஷம் ஃபோகஸ் பண்ணு, அஞ்சு நிமிஷம் பிரேக் எடு. உலகமே இப்படித்தான் படிக்குதுக்கா" என்றான்.

உலகம் பொழிச்சலூரில் குடியிருக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு மேலே விமானம் இறங்கும். நான்கு வரி படித்தால் ஒன்று, எட்டு வரியில் இன்னொன்று, ஜன்னல் கண்ணாடி அதிரும். அது போனால் குக்கர். குக்கர் அடங்கினால் தண்ணீர் லாரி. குடத்தோடு ஓட வேண்டும். லாரி எங்கே வருகிறது என்று கேட்க போனைத் தொடாமல் முடியுமா? முதல் நாளே மூன்று செடிகளைக் கொன்றேன். தம்பிக்குக் காபி அவன் மேசைக்கே வருகிறது. அவன் செடி தழைத்து வளர்வதில் என்ன அதிசயம்?

சத்தமாகப் படித்துப் பார்த்தேன், நடந்துகொண்டு படித்தேன், எழுதி எழுதிப் பார்த்தேன். கண் வரிமேல் போகும், மனம் மாவு அரைக்கப் போயிருக்கும். எனக்கு மூளையே இல்லை போலிருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அழுதுகூட விட்டேன்.

கடைசியில் மதியச் சாப்பாட்டு நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். டிபன் டப்பாவோடு பதிவறைக்குப் போய்விடுவேன். அங்கே தூசி உண்டு, சத்தம் கிடையாது. ஒரு நாள் நிலுவைக் கோப்புகள் பற்றிய பகுதி வந்தது. ஒரு விவரம் வேண்டியிருந்தால் உடனே கேட்டு எழுத வேண்டும், வராவிட்டால் நினைவூட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும், கோப்பு யாரிடம் எத்தனை நாளாக நிற்கிறது என்று மேலே இருப்பவர் பதிவேட்டைப் பார்த்துக் கேட்க வேண்டும். வழக்கம்போல் தூக்கம் வந்தது. அப்போதுதான் ஒன்று தோன்றியது. என்னுடைய கோப்பு இதே அறையில்தானே இருக்கும்?

இருந்தது. என் வேலைக்கான மனு, மூன்றாவது அலமாரியில், மற்ற கோப்புகளோடு ஒரே கட்டுக்குள். பிரித்தேன். இரண்டாவது பக்கத்தில் ஒரு குறிப்பு: 'வாரிசுச் சான்றின் நகல் தெளிவாக இல்லை. மனுதாரரிடம் தெளிவான நகல் கேட்டு எழுதலாம்.' கீழே சுருக்கொப்பம், தேதி. அடுத்த குறிப்புக்கும் இதற்கும் நடுவில் பதினான்கு மாதம். என்னிடம் யாரும் கேட்டு எழுதவில்லை.

ஒரு ஜெராக்ஸ். எதிர்க் கடையில் எடுத்திருப்பேன்.

அந்தப் பதினான்கு மாதமும் நான் மாதம் தவறாமல் இங்கே வந்திருக்கிறேன். பம்மலில் ஒரு தையல் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வருவேன். மூன்றாம் வகுப்பு படித்த என் மகள் பள்ளி விட்டு வந்து, வெளியே பூட்டிய வீட்டின் படியில் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பிரிவில் இருந்தவர் என்னை உட்காரச் சொல்வார், தண்ணீர் கொடுப்பார். "பார்க்கறேம்மா. மேலே போயிருக்கு" என்பார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். கோப்பு மேலே எங்கும் போகவில்லை, அவருடைய பீரோவில்தான் இருந்தது. அந்தச் சுருக்கொப்பம் அவருடையது. அவர்தான் இன்றைக்கு எங்கள் கண்காணிப்பாளர்.

என் பையில் சிவப்புப் பேனா இருந்தது. புத்தகத்தைத் திறந்து, நினைவூட்டு விதியின் ஓரத்தில் எழுதினேன்: 'இந்த விதி அப்போது எங்கே செத்துப்போயிருந்தது?' அடுத்த விதியைப் படித்தேன். தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை நான் படித்தேன் என்று சொல்வதைவிட அதோடு மல்லுக்கு நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். 'பதிவேட்டை மாதந்தோறும் சரிபார்க்க வேண்டும்' என்ற வரிக்குப் பக்கத்தில் 'எந்த மாதம்? எந்த ஊரில்?' என்று எழுதினேன். 'மனுதாரருக்கு உரிய பதில் தர வேண்டும்' என்பதற்கு, 'தண்ணீர் தந்தார்கள்.' சில இடங்களில் அச்சில் ஏற்ற முடியாத சொற்களும் உண்டு. விமானம் பாட்டுக்கு இறங்கியது, குக்கர் பாட்டுக்குக் கத்தியது. ஒரு நாள் சாதம் அடிப்பிடித்துக் கருகியதுகூட எனக்குத் தெரியவில்லை.

"அம்மா, நீ படிக்கிறியா, சண்டை போடுறியா?" என்றாள் மகள். இப்போது பதினொன்றாம் வகுப்பு.

"ரெண்டும்தான்டி" என்றேன்.

பரீட்சை தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். கேள்வித்தாள் தருவதற்கு முன் அறைக் கண்காணிப்பாளர் ஒவ்வொருவர் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னுடையதைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? புக்கு பூரா எழுதி வெச்சுகிற?"

"என் சொந்தப் புத்தகம்தான் சார்."

"யார் புக்கா இருந்தா இன்னா? கையால எழுதின புக்கு அலவ் இல்ல. ஹால் டிக்கெட்லயே போட்டுகீதே, படிக்கலியா?"

படிக்கவில்லை. தபாலுக்கு எங்கே முத்திரை குத்த வேண்டும் என்பதுவரை படித்தவள், என் ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. கெஞ்சினேன். அவர் புத்தகத்தை எடுத்துப்போய் முன்மேசையில் வைத்துவிட்டார். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாலாவது தடவையும் போச்சு, பட்டியலும் போச்சு, அந்தப் பெண் என் தலைமேல் உட்காரப்போகிறாள்.

சுற்றிலும் எல்லோரும் சரசரவென்று பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். என் பெஞ்சில் ஒரு பேனாவும் தண்ணீர் பாட்டிலும்தான். கேள்வித்தாளைப் பார்த்தேன். நிலுவைக் கோப்புகளைக் கண்காணிக்கும் முறைகளை விவரி. 'எந்த மாதம்? எந்த ஊரில்?' என்று சிவப்பு எழுத்து கண்முன் வந்து நின்றது. அதன் பக்கத்திலேயே விதியும் வந்தது, பத்தி எண்ணோடு. அடுத்த கேள்வி. அதற்கும் ஒரு வசவு, வசவுக்குப் பக்கத்தில் விதி. கஷ்டமெல்லாம் வசவை விட்டுவிட்டு விதியை மட்டும் எழுதுவதில்தான் இருந்தது. மணி அடிப்பதற்கு முன்பே முடித்துவிட்டேன்.

விடைத்தாளைக் கொடுக்கப் போனபோது அவர் என் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். "நல்லா கேட்டுகிற. நானும் என் சம்சாரத்தோட பென்ஷனுக்கு நடந்துகினுதான் கீறேன்" என்று சொல்லிக் கையில் கொடுத்தார். முடிவு வரும்வரை நம்பிக்கையில்லாமல்தான் இருந்தேன். தேறிவிட்டேன்.

முடிவு வந்த மறுநாள் காலை அலுவலகத்தில் எங்கள் கண்காணிப்பாளர் எல்லோர் முன்னாலும் கை கொடுத்தார்.

"பாஸாயிட்டீங்க போல. பார்த்து எழுதுறதுதானே, எப்பவோ முடிச்சிருக்கலாம்."

இந்த முறை நான் சிரிக்கவில்லை.

"பார்த்து எழுதல சார். புக்கை வாங்கி வெச்சுட்டாங்க."

"அப்புறம் எப்படி?"

"உங்க பழைய ஃபைல் ஒண்ணு படிச்சேன் சார். ஒரு ஜெராக்ஸுக்காக பதினாலு மாசம் உங்க பீரோவுல இருந்தது. அதுக்கப்புறம் விதியெல்லாம் தானா மனசுல நின்னுது."

அவர் முகம் சிவக்கும், கத்துவார், இல்லை தலையாவது குனிவார் என்று எதிர்பார்த்தேன். அவர் புருவத்தைச் சுருக்கி யோசித்தார்.

"எந்த ஃபைல்?" என்றார்.

நடிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இல்லை. கோப்பு எண்ணைச் சொன்னேன், வருஷத்தையும் சேர்த்துச் சொன்னேன். ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார்.

"பார்க்கறேம்மா" என்றார்.