சடவு தீர்க்கிற ஆள்

குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து பதினோரு வருஷமாகிறது. அறைச் சாவி கொடுப்பதும் வாங்குவதும்தான் வேலை என்று சேரும்போது சொன்னார்கள். உண்மையான வேலை, அருவிக்காக மன்னிப்புக் கேட்பது. தண்ணீர் குறைவாக விழுந்தால், "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அதிகமாக விழுந்து குளிக்கத் தடை போட்டுவிட்டால், தலையில் எண்ணெய் வழிய வந்து நின்று அதற்கும் என்னையே கேட்பார்கள். நான் வாயெல்லாம் பல்லாக, "சாயங்காலம் தெறந்து விட்டுருவாங்க சார், அதுவரைக்கும் சூடா ஒரு டீ குடிங்க" என்பேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னாலும், நாற்பதாவது தடவையும் முதல் தடவை மாதிரியே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் கன்னம் வலிக்கும். என் வீட்டுக்காரர் போலீஸ். சீசனில் அருவிக்கரையில் விசில் ஊதிக் கூட்டத்தை ஒதுக்குகிறவர். அவர் கால் வலிக்கிறது என்றால் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறேன். எனக்குக் கன்னம் வலிக்கிறது என்றால் பல் டாக்டரிடம் போகச் சொல்கிறார்.

இந்தத் திறமை சொந்தக்காரர்களுக்கும் தெரிந்துபோனது என் கெட்ட காலம். எங்கள் பக்கம் விசேஷ வீடு என்றால் யாராவது ஒருவருக்குச் சடவு வந்தே தீரும். பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் யார் கையிலாவது கொடுத்தனுப்பியிருப்பார்கள், அல்லது பெயரைச் சம்பந்திக்குக் கீழே போட்டிருப்பார்கள். உடனே மனத்தாங்கலோடு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். யாராவது போய்த் தாங்கு தாங்கென்று தாங்கி அழைத்துவர வேண்டும். எப்போதும் நான்தான் போவேன்.

பண்பொழியில் இருக்கும் எங்கள் தாய்மாமா இதில் மன்னர். எழுபதைத் தாண்டிவிட்டார், என் கல்யாணம் தொடங்கி ஒரு விசேஷத்துக்கும் தானாக வந்தது கிடையாது. அவரை அழைக்க நானே ஒரு முறை கண்டுபிடித்து வைத்திருந்தேன். முதல் தடவை கூப்பிட்டால், "நான் எதுக்கு?" என்பார். அதை நம்பித் திரும்பிவிடக் கூடாது. இரண்டாவது தடவை கூப்பிட்டால் பதிலே வராது, ஜன்னலைப் பார்ப்பார். அப்போது மேற்கொண்டு எதுவும் பேசக் கூடாது. அத்தையிடம் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கி நிதானமாகக் குடிக்க வேண்டும். மூன்றாவது தடவை கூப்பிட்டதும், "எங்கட்டி என் சட்ட?" என்று அத்தையைப் பார்த்துச் சத்தம் போடுவார். சட்டை விடியும்போதே இஸ்திரி போட்டு, அவர் கண் முன்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

போன ஆவணியில் என் தம்பி தென்காசியில் வீடு கட்டிப் பால் காய்ச்சினான். பத்திரிகை வைக்கிற வேலை என்னிடம் வந்தது. "நீ வச்சாத்தான்க்கா யாருக்கும் சடவு வராது" என்றான். பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பத்திரிகை எடுத்துக்கொண்டு புளியங்குடி முதல் பண்பொழி வரை அலைந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கையாலும் தட்டை நீட்டி, "நீங்கதான் முன்னால நின்னு நடத்தித் தரணும்" என்றேன். எல்லா வீடும் முடித்துப் பஸ்ஸில் திரும்பும்போது தட்டில் ஒரு பத்திரிகை மிச்சமிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு யாரும் பத்திரிகை வைக்கவில்லை.

தம்பியிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டேதான். "நீ வீட்டு ஆளுல்லா? உனக்கு என்னக்கா பத்திரிக?" என்று அவனும் சிரித்தான். அவன் சொன்னது நியாயம்தான். ஆனாலும் வலித்தது. மிச்சப் பத்திரிகையைத் தட்டோடு அலமாரியில் வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குப் பால் காய்ச்ச வேண்டும். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் லீவு வாங்குவதற்கு லாட்ஜ் முதலாளியிடம் நான் சிரித்த சிரிப்பைத் தனியாக எழுத வேண்டும். என் வீட்டுக்காரர் விடிந்ததும் டியூட்டிக்குக் கிளம்பினார். "பட்டெல்லாம் வேண்டாம், காட்டன் கட்டிக்கோ. அங்கன நெறைய வேல கெடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் குளித்தேன். பட்டுச் சேலையையே எடுத்துக் கட்டிலில் வைத்தேன். ஆனால் கட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பதை நெருங்குகிற வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சடவில் உட்கார்ந்தேன். யாராவது வந்து கூப்பிட வேண்டும். மூன்று தடவை வேண்டாம், ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்றுதான் இருந்தேன்.

எட்டேகாலுக்கு போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன், அது தொழில் பழக்கம். தம்பிதான்.

"அக்கா, எங்கன இருக்க? மாமாவுக்குச் சடவாம், வரமாட்டேங்காக. நீ அப்படியே பண்பொழிக்குப் போயி கூட்டிட்டு வந்திருதியா?"

"நான் பாத்துக்கிடுதேன்டா, நீ டென்ஷன் ஆகாத" என்றது என் வாய், என்னைக் கேட்காமலே. அசல் லாட்ஜ் குரல். போனை வைத்த பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டேன். இனி நான் வராததை யார் கவனிக்கப் போகிறார்கள்? மாமாவை அழைக்கப் போயிருக்கிறாள் என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். அப்படியே கண்டுபிடித்தாலும், என் சடவைத் தீர்க்க என்னைத்தான் அனுப்புவார்கள். நினைத்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பண்பொழிக்கும் போகவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். ஓடிப்போய்த் திறந்தேன். இஸ்திரிச் சட்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாக மாமா நின்றார். தானாகக் கிளம்பி வந்த மாமாவைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

"என்ன மாமா, அத்தைக்கு ஏதும்..."

"அவ நல்லாத்தான் இருக்கா. நீ எட்டரையத் தாண்டி வந்தது கெடையாது. உக்காந்து உக்காந்து பாத்தேன், உன்னக் காணும். உடம்புக்கு முடியலியோன்னு செங்கோட்டையில பஸ் மாறி வாரேன்."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல மாமா."

கட்டிலில் மடிப்புக் கலையாமல் கிடந்த சேலையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"ஏட்டி, சடவா?"

நான் சேலையின் மடிப்பை நீவினேன்.

"ஒந் தம்பி போன் போட்டானா?"

"போட்டான்."

"எடுத்தியா?"

"மொத மணியிலயே எடுத்துட்டேன்."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "சடவுல இருக்கவ மொத மணியில எடுப்பாளாட்டி? பொறவு எவனுக்குத் தெரியும்?" கதவை அவ்வளவு வேகமாகத் திறந்ததும் தப்பு என்றார். "மூஞ்சியிலயும் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு, பாரு."

"அது போகாது மாமா, வேலையில வந்தது" என்றேன். சொல்லிவிட்டுக் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டேன்.

மாமாவுக்குச் சமாதானம் பண்ணிப் பழக்கமில்லை. துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். பிறகு செருமிக்கொண்டு, "கெளம்பு, போவோம்" என்றார்.

"நான் எதுக்கு மாமா?"

"நீ இல்லாம அங்கன என்ன விசேஷம்? வா."

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. மறுபடியும் போன் அடித்தது. என் கை தானாக நீண்டது. மாமா போனை எடுத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினார். மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை; எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். அங்கே பாத்திரங்களை உருட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தம்ளரைத் தேடிப் பிடித்து, தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து, என் எதிரில் நின்று நிதானமாகக் குடித்தார். இத்தனை வருஷமும் நான் அவர் வீட்டில் தண்ணீர் குடித்ததை இந்த மனுஷன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தம்ளரை அலமாரியில் வைக்கப் போனவர், அங்கே மிஞ்சிக் கிடந்த பத்திரிகையைப் பார்த்து நின்றார்; என்ன சடவென்று விளங்கியிருக்க வேண்டும். பித்தளைத் தட்டையும் அதிலிருந்த பத்திரிகையையும் எடுத்தார். காய்ந்த வெற்றிலையைத் துண்டால் தட்டிவிட்டு, இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினார்.

"நீதான் தாயி முன்னால நின்னு நடத்தித் தரணும்."

பட்டுச் சேலை எனக்கு ஒரு முழத்தில் கிடந்தது. தட்டை வாங்கிக்கொண்டு, வீடு அதிரச் சத்தம் போட்டேன்.

"எங்க மாமா என் சேல?"