நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஆம்பூரில் நடந்தது இது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, டாக்டருக்குப் படித்தே தீருவேன் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா தோல் மண்டியில் குமாஸ்தா. "ரத்தத்தப் பாத்தா மயக்கம் போட்டு விழுவியான்னு மொதல்ல தெரிஞ்சுக்க" என்று சொல்லி, ஊரில் டிஸ்பென்சரி வைத்திருந்த லேடி டாக்டரோடு ரெண்டு மாசம் இருந்து பார்க்க அனுப்பினார்.

டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கம். உருது தெரியாது. எங்கள் தெருவில் பாதி வீடுகள் உருது பேசுகிறவை என்பதால் எனக்கு நன்றாக வரும். வேடிக்கை பார்க்கப் போன நான் ஒரே வாரத்தில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

ஒருநாள் காலை ஒரு தோல் வியாபாரி வீட்டிலிருந்து ஜட்கா வண்டி அனுப்பியிருந்தார்கள். அந்த வீட்டு மருமகளுக்கு வயிற்றுவலி. என் வயதுதான் இருக்கும். சுருண்டு படுத்திருந்தாள். கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில், மாமனாரும் கொழுந்தனும் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்ப தூரமானா, நாள் தள்ளிப் போயிருக்கான்னு கேளு" என்றார்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கல்யாணம் ஆகாத பெண் நான், அந்த ஆம்பளைகள் காதில் விழ இதை எப்படிக் கேட்பேன்? உருதுவில் வேறு எதையோ கேட்டேன். ராத்திரி தூங்கினாயா என்றோ என்னவோ. அவள் தலையை ஆட்டினாள். நான் திரும்பி, "எல்லாம் சரியாத்தான் இருக்காம்" என்றேன்.

டாக்டரம்மா என் வார்த்தையை நம்பி மிக்ஸ்சர் மருந்து எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தேன். தலையாட்டியபோது அவள் உதடு வெளுத்திருந்தது கண்ணிலேயே நின்றது. அப்படியே கையைக் கழுவிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். டாக்டரம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"காலைல நீங்க கேக்கச் சொன்னத நான் கேக்கவே இல்ல."

"அப்ப அவ என்ன சொன்னா?"

"அவ ஒண்ணும் சொல்லல. நானா சொன்னேன்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பையை எடுத்தார். "வா" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

நாங்கள் போவதற்குள் அவள் ஒருதரம் மயங்கி விழுந்திருந்தாள். ஆம்பளைகள் அதே இடத்தில்தான் இருந்தார்கள். டாக்டரம்மா சொல்லட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. திரையை விலக்கி, மாமனாரிடம் உருதுவில், "பெரியவரே, கொஞ்சம் வெளியே இருங்கள். உங்கள் மருமகளிடம் தனியாகக் கேட்க வேண்டும்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மகனையும் கூட்டிக்கொண்டு எழுந்து போனார்.

அவள் காதருகே குனிந்து கேட்டேன். ரெண்டு மாசம் தள்ளிப் போயிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை என்றாள்.

கரு தங்க வேண்டிய இடத்தில் தங்காமல் குழாயில் தங்கியிருக்கலாம், உள்ளுக்குள் ரத்தம் போகிறது என்றார் டாக்டரம்மா. வியாபாரியின் மோட்டார் காரில் அவளைப் படுக்கவைத்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாயந்தரமே ஆபரேஷன். பிழைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை மீறிப் போயிருக்கும் என்று அங்கே சொன்னார்கள்.

சில நாள் கழித்து வார்டுக்குப் போய் அவளிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் மெதுவாக, "காலையில் நீ கேட்டிருந்தாலும் மாமா எதிரில் நான் பொய்தான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

டாக்டரம்மா அந்தத் தப்பைப் பற்றி ஒரே ஒரு தரம்தான் பேசினார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு. அது முடியும்னா படி."

படித்தேன். எத்தனையோ வருஷம் வைத்தியம் பார்த்தாயிற்று. இன்றும் ஒரு பெண் என் எதிரே வந்து உட்கார்ந்தால் முதலில் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிடுகிறேன். கேள்வி கேட்கத் தெரிந்தால் மட்டும் போதாது, அவள் பயமில்லாமல் பதில் சொல்ல ஒரு இடமும் வேண்டும் என்பதை, கிட்டத்தட்ட ஒரு உயிரைப் பணயம் வைத்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.