லயத்து விலாசத்தில் ஒரு மின்சாரக் கார்

ஹட்டனில் வாகனங்களைத் தவணைக்குக் கொடுக்கும் ஒரு லீசிங் அலுவலகம். மேசைக்கு அந்தப் பக்கம் டை கட்டிய அலுவலர், இந்தப் பக்கம் நான். அவர் ஒரு வெள்ளைத் தாளை நடுவில் கோடிழுத்துப் பிரித்து, இடப்பக்கம் பெட்ரோல் கார், வலப்பக்கம் மின்சாரக் கார் என்று எழுதினார். விலை, முற்பணம், மாதத் தவணை, காப்புறுதி என்று ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தார். இரண்டு பக்கமும் எண்கள் நிரம்பின. 'ஓட்டச் செலவு' என்ற வரிக்கு வந்ததும் பெட்ரோல் பக்கம் ஒரு தொகையை எழுதினார். மின்சாரப் பக்கம் எண் எதுவும் எழுதாமல் சின்னதாக ஒரு கோடு போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"ஏன் சேர், அதுக்கு மட்டும் கோடு?" என்றேன்.

"மிஸ் லயத்துல தானே இருக்கீங்க? அங்க எப்படி சார்ஜ் பண்ணுவீங்க? அத விட்டுருவோம். உங்களுக்குப் பெட்ரோல் தான் சரி."

கேலியாகச் சொல்லவில்லை. எனக்குத் தேநீர் கூட வரவழைத்திருந்தார். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. கேலி செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்; இவர் என் மேல் இரக்கப்பட்டார். தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தேன். முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்த என் அம்மா அவ்வளவு மட்டமான தூளில் எனக்கு ஒருநாளும் தேநீர் ஊற்றியதில்லை. அந்தத் தாளை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

நான் கணித ஆசிரியை. றொசல்ல ரயில் நிறுத்தத்துக்கு மேலே உள்ள தோட்டமொன்றில், கீழ்ப்பக்கமான பணிய டிவிசனில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில், மூன்றாவது காம்பரா வீட்டில் அம்மாவோடு இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதில்லை. போன வருடம் ஹட்டனுக்கு அப்பால் ஒரு பாடசாலையில் பிரதி அதிபராகப் பதவி உயர்வு கிடைத்தது. காலை ஏழே காலுக்குப் பாடசாலை கேட்டுக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். எங்கள் தோட்டத்து பஸ் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. பெட்ரோல் தட்டுப்பாடு வந்த காலத்தில் ஆட்டோக்காரர்கள் எல்லாம் வண்டியை வரிசையில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க, நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் குறுக்கே இறங்கிப் பிரதான வீதிக்கு நடந்தவள். அட்டைக் கடியோடு வகுப்புக்குப் போய் முக்கோணவியல் நடத்தியிருக்கிறேன்.

ஆளாளுக்கு ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். டவுனில் வீடு எடு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. படித்தவள் லயத்தை விட்டு இறங்கியே ஆக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? படித்த ஒவ்வொருவரும் இறங்கிப் போய்விட்டால், லயம் என்பது தோற்றவர்கள் தங்கும் இடம் என்றுதானே ஊர் பேசும்? நான் போகமாட்டேன். கார் வாங்குவேன், அதை லயத்திலேயே வைத்துக்கொள்வேன். இதில் பின்வாங்குவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

கணக்கை நானே போட்டேன். அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன். பெட்ரோல் கார் மாதத் தவணையில் எண்ணாயிரம் ரூபாய் மலிவு. பார்த்தவுடன் அதுதான் இலாபம் என்று தோன்றும். ஆனால் அலுவலர் எழுதிய பெட்ரோல் செலவு சமதரையில் ஓடும் காருக்கானது. எங்கள் பாதையில் ஐந்து கிலோமீட்டர் முதலாவது, இரண்டாவது கியருக்கு மேல் போக முடியாது. தோட்டத்து மருந்துக்காரர் தன் பழைய காருக்கு எவ்வளவு பெட்ரோல் அடிக்கிறார் என்று விசாரித்தேன். அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால், பெட்ரோலும் கரண்டு பில்லும் மட்டுமே மாதம் பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாமல் வித்தியாசம் காட்டின. ஒயில் மாற்றுவதும், இறக்கத்தில் தேயும் பிரேக்கும் அதற்கு மேல். மின்சாரக் காருக்கும் குறை உண்டு. பழைய பேட்டரி என்றால் ஒருநாள் பெரிய செலவு வைக்கும், எங்கள் குளிரில் காலையில் ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும். அதற்காக மாதம் ஒரு தொகையை ஒதுக்கிப் பார்த்தேன். அப்போதும் மின்சாரக் கார்தான் வென்றது. அந்தக் கோட்டுக்குப் பதிலாக எழுத வேண்டிய எண் என் கையில் இருந்தது.

நான் வாங்க நினைத்தது ஹட்டனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் சின்ன மின்சாரக் கார். அவர் பெரிய வாகனம் எடுக்கப்போவதால் இதை விற்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு கடை வாசலிலிருந்து நாங்கள் கிளம்பினோம். ஓட்டியது நான்.

"டீச்சர், ஒண்டு சொல்றேன், சிரிக்கப்படாது," என்றார் நானா. "நான் இத எடுத்த புதுசுல தினமும் நூறு வரைக்கும் சார்ஜ் ஏத்தினேன். மேல இருந்து இறங்குற ஆள் நான். இறங்கக்குள்ள வண்டி தானா கரண்ட் செய்யும். ஆனா பேட்டரி ரொம்பி இருந்தா அத எங்க வெக்கிறது? ஆறு மாசமா ஓசிக் கரண்ட வீசிட்டு, பில்லும் கட்டினேன்."

நான் சிரிக்கத்தான் செய்தேன். மேட்டில் குடியிருக்கும் ஆள்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். அன்று அவர் வேண்டுமென்றே எண்பதோடு நிறுத்தியிருந்தார். வட்டவளைப் பக்கம் இறங்க இறங்க முகப்பில் சார்ஜ் எண் ஏறுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். தோட்டத்து ஏற்றத்தில் அது மளமளவென்று குறைந்ததையும் பார்த்தேன். லயத்துக்கு வந்து நிறுத்திவிட்டு மனதுக்குள் கூட்டிக் கழித்தேன். ஒரு நாளைக்கு எனக்கு வேண்டிய மின்சாரம் நான் பயந்த அளவு இல்லை. பெரிய சார்ஜர் வேண்டாம், புது இணைப்பும் வேண்டாம். ஒரு தனி வயரும் நல்ல பிளக்கும் போதும்.

அங்கேதான் நானா அடுத்த பேச்சை எடுத்தார். "லீசிங் பேப்பருக்கு நம்மட கடை அட்ரஸப் போடுங்க. லயத்து அட்ரஸ்னா இழுத்தடிப்பாங்க. வேற ஒரு ஆள் இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டிய கேக்குறான்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் தோட்டத்தில் பாதிப்பேருக்கு அவருடைய கடைதான் விலாசம். தபால்காரர் லயத்துக்கு வருவதில்லை; வங்கிக் கடிதம், வழக்குக் கடிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாமே கேர் ஆப் என்று கடைப் பெயரைப் போட்டுத்தான் வரும். நாங்களும் கூச்சமில்லாமல் அதை எழுதிப் பழகிவிட்டோம். என் பல்கலைக்கழகக் கடிதமும் அப்படித்தான் வந்தது. நானாவின் வாப்பா அதை ஆணி டின்னுக்குக் கீழே வைத்துவிட்டு மறந்துபோனார். என் கைக்குக் கிடைத்தபோது பதியும் நாள் முடிந்திருந்தது. எனக்கு ஒரு வருடம் போயிற்று. அவர் நல்ல மனிதர், சாகும்வரை என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வார். எனக்கு அவர் மேல் கோபமில்லை. எனக்கென்று ஒரு விலாசம் இல்லாதது மேல்தான் கோபம்.

"நானா, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பேப்பர்ல நான் இருக்கிற எடத்தத்தான் எழுதுவேன்," என்றேன். அவருக்கு உடனே புரிந்தது. வெள்ளிக்கிழமை வரை மற்றவனுக்கு வாக்குக் கொடுப்பதில்லை என்றார்.

அந்த வாரம் பாடசாலை விடுமுறை. மறுநாள் தோட்ட ஆபீசுக்குப் போனேன். எங்களுக்கு எதற்கும் கடிதம் வேண்டும். கூரையில் தகரம் மாற்றவும் கடிதம், கக்கூசுக்குக் கதவு போடவும் கடிதம். தோட்டத்து மேனேஜர் தொரையின் கையெழுத்து இல்லாமல் எங்கள் வீட்டில் எதுவும் அசையாது என்று பிறந்ததிலிருந்தே பழக்கியிருக்கிறார்கள். கிளாக்கர் ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"லயத்துல காருக்குக் கரண்டா? தொரை கடிதம் தரமாட்டாரும்மா. ஒனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"நானும் அதுக்குத்தான் சொல்றேங்க," என்றேன்.

அங்கிருந்து நேராக மின்சார அலுவலகத்துக்குப் போய்ச் சிங்களத்தில் விசாரித்தேன். மீட்டர் என் பெயரில் இருக்கிறது, பில்லும் என் பெயரில் வருகிறது. இருக்கிற இணைப்பு தாங்குமென்று தகுதியுள்ள ஆள் பார்த்துச் சொன்னால் வீட்டுக்குள் வயர் இழுக்கத் தோட்டத்துக் கடிதம் தேவையில்லை என்றார்கள். அன்று பின்னேரமே வயரிங் பாஸ் என்று நாங்கள் சொல்லும் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். தாங்கும் என்றார். ஆனால் கார் நிற்கும் பாதை எங்கள் வாசலில் இல்லை, ஒன்பதாவது காம்பராவின் சுவரை ஒட்டிப் போகிறது. வயர் ஆறு வீட்டுக் கூரையோரத்தில் ஓடித்தான் அங்கே போக வேண்டும்.

எங்கள் லயத்தில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. கூரை ஒன்று, குடும்பம் ஒன்பது. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ஒரு ஆணி அடித்தாலும் அந்தச் சத்தம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தகரத்தில் போகும். அதனால் சொல்லாமல் யாரும் சுத்தியலைத் தூக்குவதில்லை. தொரையின் கடிதம் வேண்டாம் என்று வந்தவள், பக்கத்து வீடுகளில் கேட்காமல் இருக்க மாட்டேன். வேலை விட்டு எல்லாரும் வந்த நேரமாகப் பார்த்து ஒவ்வொரு படியாக ஏறினேன்.

நாலாவது வீட்டுத் தாத்தா, "வயர் எங்க கூரைக்குக் கீழ போனா எங்க பில்லு ஏறுமா?" என்று கேட்டார். ஏறாது என்று மீட்டரைக் காட்டி விளக்கினேன். "அப்ப எறங்குமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மூன்று வீட்டில் கேள்வியே இல்லை. ஒன்பதாவது வீட்டுக்காரர் பிளக் வைக்கும் பெட்டிக்குப் பூட்டுப் போட்டால் சரி என்றார். எனக்குப் பயம் எட்டாவது வீடுதான். சாக்கடைக் கான் தண்ணீர் யார் வாசலில் தேங்குகிறது என்ற சண்டையில் அந்த அக்கா இரண்டு வருடமாக என்னோடு பேசுவதில்லை.

வாசலில் நின்று சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"கேக்க வந்துட்டியே, அது போதும். ஆணிய அடிச்சுக்க," என்றார். பிறகு முறத்தைக் கீழே வைத்தார். "ஆனா ஒண்ணு. எம் மருமகளுக்கு இது ஏழாம் மாசம். வலி வந்தா நீதான் கொண்டு போகணும். லொறி தேடி ஓட என்னால முடியாது."

சரி என்றேன். லீசிங் பத்திரம் எதிலும் இல்லாத அந்த நிபந்தனைக்குத்தான் நான் முதலில் ஒப்புக்கொண்டேன்.

வியாழக்கிழமைக்குள் குழாய்க்குள் வயர் ஓடி, ஒன்பதாவது காம்பராச் சுவரில் பூட்டுப் போட்ட பெட்டி ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை லீசிங் அலுவலர் விலாசத்தை நேரில் பார்க்க வந்தார். லயத்து நெற்றியில் மங்கிக் கிடந்த ஏழாம் நம்பரை அம்மா விடிந்ததும் சிவப்புப் பெயின்டில் எழுதி வைத்திருந்தார். அது சற்றுச் சாய்ந்திருந்தது.

அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார், படம் எடுத்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மிஸ், எல்லாம் ஓகே. ஆனா ஹெட் ஒபிஸ்ல லயத்து அட்ரஸ பார்த்தா திருப்பி அனுப்புவாங்க. டவுன் அட்ரஸ் ஒண்டு தாங்க. இன்டைக்கே பாஸாகும்."

அந்தக் கார் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. மழையில் நடந்த ஒவ்வொரு காலையும் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. ஒரு வரி பொய் எழுதினால் போதும்.

"அப்ப எனக்குக் கார் வேணாம் சேர்," என்றேன். "என் சம்பளம் இருக்கு, கரண்டு பில் இருக்கு, பிணைக்கு ரெண்டு டீச்சர்மாரும் இருக்காங்க. தவணைக் காசு இந்த வீட்டுல இருந்துதான் வரும். அதுக்கு ஆகுற வீடு அட்ரஸுக்கு ஆகாதா?"

எட்டாவது வீட்டு அக்கா தன் இஸ்தோப்பிலிருந்து குரல் கொடுத்தார். "அவ இங்கதான் இருக்கா, ஐயா. ஒம்பது வீட்டு ஆளுகளும் சாட்சி. எழுதுங்க."

நான் அந்தப் பழைய தாளை எடுத்து அவரிடம் நீட்டினேன். கோட்டின் மேல் என் எண்ணை எழுதியிருந்தேன். அவர் அதை வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு படிவத்தை முழங்காலில் வைத்து, ஏழாம் நம்பர் லயம், பணிய டிவிசன் என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். ஹெட் ஒபிஸ் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டது. இரண்டு முறையும் அதையே சொன்னேன். திங்கட்கிழமை பாஸாயிற்று. நானா வெள்ளிக்கிழமைக் கெடுவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் எட்டாவது வீட்டிலிருந்து சத்தம் வந்தது. மருமகளைப் பின் சீட்டில் படுக்க வைத்து, அக்காவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். தோட்டத்துப் பாதைப் பள்ளங்களைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். இறக்கத்தில் முகப்பு எண் இரண்டு ஏறியது. அக்காவுக்கு அதைக் காட்டினேன், அவர் பார்க்கும் நிலையில் இல்லை.

ஆஸ்பத்திரியில் பதிகிற மேசையில் இருந்த பெண் மருமகளின் பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, "விலாசம்?" என்றாள்.

அக்கா வழக்கம்போல நானாவின் கடைப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"அத வெட்டிடும்மா," என்றார் அந்தப் பெண்ணிடம். "ஏழாம் நம்பர் லயம்னு எழுது. பொறக்கப் போற புள்ள அங்கதான் இருக்கும்."