வால் வீசத் தெரியாத சுறா

மாமல்லபுரம் கடற்கரைக் கடையில் மகளுக்காகக் காற்றடைத்த பிளாஸ்டிக் சுறா ஒன்றைக் கையில் எடுத்தபோது மூக்கில் ஏறிய அந்த வெயில்பட்ட வாசனை, எங்கள் ஊர் கடப்பாக்கத்தில் இன்று தடமே இல்லாமல் போய்விட்ட வீடியோ கொட்டகைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஓலைத் தடுப்புக்குள் மணல்தான் தரை, பீடியும் ஈர வலையும் சூடேறிய கேசட்டும் கலந்த காற்று, டிவிக்குள் செந்தமிழில் அலறிக்கொண்டு ஓடும் வெள்ளைக்காரர்கள், அவர்களைத் துரத்தும் மட்டமான ரப்பர் சுறா. கடல் பொங்கிப் படகுகள் கரையேறிக் கிடக்கும் மதியங்களில் ஊரே அங்கேதான் இருக்கும்.

எல்லோருக்கும் அது கொண்டாட்டம், எனக்கு மட்டும் பயம், ஏனென்றால் கடல் அடங்கியதும் என் நைனா மீன் பிடிக்க அதே தண்ணீருக்குள்தானே போவார். அப்படியொரு மதியம் அவர் சட்டையை இழுத்து, "நாளைக்குப் போவாத நைனா" என்றேன். அவர் டிவியைக் காட்டி, "வாலப் பாரு. சுறான்னா பக்கவாட்டுல வீசும். இது இன்னாடான்னா மேலயும் கீழயும் ஆட்டிகினு வருது, முறத்துல அரிசி பொடைக்கிற மாதிரி!" என்றார். முன்னால் உட்கார்ந்திருந்த, மீன் விற்கும் அஞ்சலை அத்தை திரும்பி, "அண்ணாத்த, சுறாவுக்கு உள்ள கீற ஆளுக்கு மூச்சு முட்டுது, யார்னா ஜிப்ப அவுத்து வுடுங்க!" என்று கத்த, கொட்டகையே மணலில் புரண்டு சிரித்தது. நானும் சிரித்தேன், விக்கல் வரும்வரை.

மறுநாள் விடியலில் கடல் அடங்கியிருந்தது. பெரியவர்களோடு சேர்ந்து நைனாவின் படகை நானும் தள்ளினேன், இடுப்பளவுத் தண்ணீர் வரைக்கும்.