லாக் பண்ணும் முன்னால் ஒரு போன்

என் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது என்று எங்கள் தெருவே சத்தியம் செய்யும். நானும் செய்திருக்கிறேன், கிறுக்கச்சி. களக்காட்டில் எங்கள் தெருவிலிருந்து சென்னைக்குப் போய் ஐடி வேலையில் உட்கார்ந்த முதல் ஆள் அவன். மே மாதம் அவன் ஊருக்கு வந்தால் போதும், பிளஸ் டூ மார்க் பட்டியலும் கையுமாக வாசலில் ஆட்கள் நிற்பார்கள். அவன் வாயிலிருந்து என்ன விழுகிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் படிப்பு. எங்கள் வீட்டில் மிக்சி வாங்குவதற்குக்கூட அவனிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும்.

எனக்குக் கம்ப்யூட்டர்மேல் பித்து. பள்ளிக்கூட லேபில், ஏர்வாடி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் பதில் சொல்லும் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பஸ் ஒருநாளும் அந்த நேரத்துக்கு வந்ததில்லை. புரோகிராம் சரியாகத்தான் வேலை செய்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், படித்தால் இதுதான் என்று.

இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு விருப்பப் பட்டியல் போட, அப்பா என்னைத் திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்குக் கூட்டிப்போனார். அங்கே அவருக்குப் பழக்கமான அண்ணாச்சி ஒருவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நாற்பது இடங்கள் போட்டேன். நாற்பதும் கம்ப்யூட்டர். கோயம்புத்தூர் கல்லூரிகள் மேலே. எது மேலே இருக்கிறதோ அதுதான் முதலில் கிடைக்கும் என்பதால் மேலும் கீழும் நகர்த்தி நகர்த்தி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இனி லாக் என்ற பொத்தானை அமுக்க வேண்டியதுதான். அமுக்கினால் மாற்ற முடியாது. அமுக்கும் முன்னால், வீட்டு வழக்கப்படி, அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“ஏட்டி, லாக் பண்ணிட்டியா?” எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டான்.

“இல்லண்ணே. உங்கிட்ட கேட்டுட்டுத்தான்.”

“நல்லவேளை. உள்ள இருந்து பாத்துட்டுச் சொல்லுதேன், கேளு. கம்ப்யூட்டர்லாம் முடிஞ்சுது. இனிமே கோட் எழுத ஆளே தேவையில்ல, மெஷினே எழுதிரும். என் வேலை எப்பப் போவுமோன்னு நானே பயந்துக்கிட்டுக் கெடக்கேன். நீ கணக்குல கெட்டிக்காரி. பாளையங்கோட்டையில பி.எஸ்சி. கணக்கு எடு, பெறவு பி.எட். டீச்சருக்கு என்னைக்கும் வேலை உண்டு. வீட்ல இருந்தே போயிட்டு வரலாம்லா.”

எனக்கு அழுகை வந்தது. என் படிப்புக்காக இல்லை. அவன் வேலை போய்விடுமே என்று போனிலேயே அழுதேன். அப்பா வெளியே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், “அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். உள்ளே போய் ஒவ்வொன்றாக அழித்தேன். சென்டர் அண்ணாச்சிக்கே மனசு கேட்கவில்லை. “யம்மா, நல்லா யோசிச்சிக்கிட்டியா?” என்றார். “எங்க அண்ணன் சொல்லிட்டான் அண்ணாச்சி” என்றேன், பெருமையாக.

அதே வருடம், அண்ணனின் மனைவியான என் மதினியின் தங்கச்சி கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சேர்ந்தாள். அவளும் என் வயதுதான், வள்ளியூர்க்காரி. சம்பந்தி வீட்டு விஷயத்தில் அண்ணன் எப்படி வாய் திறப்பான் என்று நானே அவனுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். படித்து முடித்துவிட்டு வேலை இல்லாமல் முழிக்கப் போகிறாளே என்று அவள்மேல் இரக்கம் வேறு.

நான் பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். அப்பாவின் காலில் சர்க்கரைப் புண் வந்தது. கட்டு மாற்ற ஸ்கூட்டியில் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு முட்டுவலி என்றால் அதற்கும் நான். இப்போது பி.எட். முதல் வருடம். குறையென்று ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. வள்ளியூரில் மதினிக்கு வளைகாப்பு நடந்த நாள் வரைக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு மதினியின் தங்கச்சி ஆளாளுக்கு லட்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். இறுதியாண்டு முடியும் முன்னாலேயே அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. எனக்கும் ஒன்று ஊட்டிவிட்டுச் சொன்னாள்: “எல்லாம் அத்தானாலதான். நான் பயாலஜி பக்கம் போவேன்னு நின்னேன். கண்ண மூடிக்கிட்டு கம்ப்யூட்டர் எடுன்னு ஒத்தக்கால்ல நின்னாவ. பட்டியலையே அத்தான்தான் போட்டுத் தந்தாவ.”

பட்டியல் போட்டது எந்த வாரம் என்று கேட்டேன். நான் வண்ணார்பேட்டையில் உட்கார்ந்திருந்த அதே வாரம்.

அண்ணன் பின்கட்டுக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான். நேரே போய் நின்றேன்.

“ஏண்ணே, உன் கொழுந்தியாளுக்கு மட்டும் மெஷின் கோட் எழுதாதோ?”

முகம் செத்துப்போயிற்று. யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். “பைய பேசுட்டி. விசேஷ வீடு.”

“அப்பா சொல்லச் சொன்னாவளா?”

ஆமாம் என்று சொல்லித் தொலைக்க மாட்டானா என்றிருந்தது எனக்கு. பெண்பிள்ளையை வெளியூர் அனுப்பப் பயந்த அப்பா என்றால் நாலு நாள் சண்டை போட்டுவிட்டு மறந்துவிடுவேன்.

“அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. நானாத்தான் சொன்னேன்” என்றான். “அப்பாவுக்கு அப்பவே சுகர் ஏறிக் கெடந்துச்சு. நீயும் கோயமுத்தூர், பெங்களூர்னு போயிட்டா? நான் வேலைய விட்டுட்டு வர முடியுமா? யாராவது ஒரு ஆளு இங்கன இருக்கணும்லா.”

அடப்பாவி! அந்த யாராவது நான்தான் என்று, பதினேழு வயதுப் பெண்ணைப் பற்றி, சென்னையில் உட்கார்ந்து ஒருத்தனாக முடிவு செய்திருக்கிறான். நான் அவன் வேலைக்காக அழுததைப் போனில் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறான்.

“அதைச் சொல்லிருக்கலாம்லா? அப்பாவப் பாத்துக்க ஆள் வேணும், நீ இருந்துக்கோட்டின்னு கேட்டுருக்கலாம்லா?”

“கேட்டா இருந்திருப்பியா?” என்றான்.

இருந்திருப்பேனா? எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. அதை நான் தெரிந்துகொள்ள விடாமல்தான் அவன் அன்றைக்குக் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசியிருக்கிறான்.