சூரியகாந்திச் சாம்பல்

எங்கள் நிலம் ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் சாலையோரம் இருந்தது. அதைக் கெடுத்தவர் என் அப்பா. தோல் பதனிடும் டேனரி ஒன்றின் கழிவுச் சேற்றைக் கொண்டுவந்த லாரிக்காரன், "நல்ல எருவுங்க, சும்மாவே தர்றோம்" என்றான். சும்மா என்றால் அப்பா விடமாட்டார். லாரி லாரியாகக் கொட்டிக்கொண்டார். அடுத்து விதைத்த கேழ்வரகு முளைத்து, மஞ்சளாகிச் செத்தது. அதற்காக வீட்டில் ஒருவரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு வேளாண் கல்லூரியிலிருந்து ஒரு மேடம் வந்தார். மண்ணில் குரோமியம் என்கிற விஷ உலோகம் ஏறிவிட்டது, சூரியகாந்தி போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுக்கும் என்றார். செடிகளை வேரோடு பிடுங்கி மூட்டை கட்ட வேண்டும், கல்லூரி வண்டி வந்து எடுத்துப்போகும், அதுவரை ஆட்டுக்குப் போடக்கூடாது, எரிக்கவும் கூடாது. வரப்பில் நின்று இதைக் கேட்டவர்கள் அப்பாவும் அண்ணனும். அம்மா வீட்டுக்குள்ளே மேடத்துக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுக்கும் மண்ணு தேறலன்னா செங்கல் சூளைக்குக் குடுத்துடுவேன். அப்பறம் இன்னான்னு யாரும் கேக்கக்கூடாது" என்று அண்ணன் சொல்லிவிட்டான். கல்யாணமான மறுநாளிலிருந்து அந்த மண்ணில் உழைத்தவள் அம்மா. குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து செடிகளைக் காப்பாற்றினாள்.

பூத்ததும் வேடிக்கைதான். காவலூர் போகிறவர்கள் பைக்கை நிறுத்தி, செடிகளை மிதித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். "செம அழகுங்க உங்க நெலம்" என்று அம்மாவிடமே சொன்னார்கள். கல்லெடுத்து அடிக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வரும்.

முதல் தடவை வண்டி ஒழுங்காக வந்தது. மண் பரிசோதனையில் கொஞ்சம் குறைந்தும் இருந்தது. அடுத்த போகத்தில் வண்டி வரவில்லை. மூட்டைகள் வீட்டுக்குப் பின்னால் காய்ந்து கிடந்தன.

மறுபடி மண் எடுத்துப் பார்த்தபோது குறைந்ததெல்லாம் ஏறியிருந்தது. மேடம் நிலத்தைச் சுற்றிப் பார்த்து, கட்டிகளுக்கு நடுவே குனிந்து எதையோ கிள்ளி எடுத்தார். "இது என்ன சாம்பல்?"

டீயோடு வந்த அம்மா பெருமையாகச் சொன்னாள். "எங்க அடுப்பு சாம்பலுங்க. தெனம் நான்தான் கொண்டாந்து போடறேன்." எங்கள் பக்கத்தில் அடுப்புச் சாம்பலைக் குப்பையில் கொட்டுகிறவளை நல்ல குடித்தனக்காரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது நிலத்துக்குப் போக வேண்டியது.

"எந்த விறகோட சாம்பல்மா?"

"அந்த மூட்டையில காஞ்ச சூரியகாந்தி தட்டதாங்க."

மேடம் அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாமேல் பாய்ந்தார். "புத்தி கெட்ட முண்டம், எடுத்த வெசத்தத் திரும்பவும் நெலத்துலயே கொட்டிட்டியேடி!"

"உன் கை பட்டு வெளங்குனது இன்னா கீது?" என்றான் அண்ணன். அம்மா டீத் தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

அந்த மாதமே சூளைக்காரனின் ஜேசிபி வந்தது. இப்போது அங்கே பள்ளமும் மழைத் தண்ணீரும்தான். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அம்மாவை "சாம்பல்காரி" என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். அப்பாவும் கூடச் சிரிக்கிறார்.

போன வாரம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படியில் கேட்டேன். "கட்டி வெச்ச மூட்டைய ஏம்மா பிரிச்ச?"

"நானா பிரிச்சேன்? வெறகு ஈரமா கீது, குளிக்க தண்ணி காயலன்னு உங்கப்பா கத்துனாரு. அவரே மூட்டைய அவுத்து அடுப்பாண்ட போட்டாரு. சாம்பல வீணாக்காத, நெலத்துக்குப் போடுன்னதும் அவருதான்."

"அன்னிக்கே அத்தினி பேருக்கு முன்னால சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லிட்டு நான் எந்த வூட்டுக்குப் போறது?"

வாசலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "இந்தா, தண்ணி காஞ்சிச்சா?"

"ஆச்சுங்க" என்றாள். வெந்நீரை விளாவி, துண்டை எடுத்து வைத்தாள். பிறகு அடுப்பிலிருந்த பழைய சாம்பலை முறத்தில் வாரிக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டினாள்.