வட்டமாகப் போட்ட கையெழுத்து

வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டு பத்து. தொழுகைக்காகக் கவுண்டர் மூட இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. ஆட்சேபம் கொடுக்க அதுதான் கடைசி நாள். பள்ளியில் அரைநாள் விடுப்பு எழுதிவிட்டு ஓடிவந்திருந்தேன். நகராண்மைக் கழகக் கவுண்டரில் இருந்த பெண் எங்கள் மனுவை வாங்கினாள், முத்திரை குத்தினாள், நகலைத் திருப்பித் தந்தாள். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். எல்லாம் கெட்டது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

எங்கள் தாமான் ஜாசின் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் கட்டிய குடியிருப்பு. முப்பத்தாறு வீடுகள். பாதிக்கு மேல், அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் வாங்கியவை. என் வீடு கடைசி வரிசை. வேலிக்குப் பின்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள், அதற்கும் பின்னால் கல் உடைக்கும் கல்லுமலை. வெடி வைக்கும் முன் அங்கே மூன்று முறை சங்கு ஊதும். மூன்றாவது சங்குக்குள் என் மகள் எல்லா ஜன்னலையும் சாத்திவிடுவாள். அவளுக்குப் பதின்மூன்று வயது, ஆஸ்துமா. செம்பனை இருந்ததால் ஏதோ சமாளித்தோம். தூசியில் பாதியை ஓலைகள் வாங்கிக்கொள்ளும்.

புதிய வட்டாரத் திட்டத்தின் வரைபடத்தைக் கழக அலுவலகத்தில் பார்வைக்கு வைத்தபோது நான்தான் போய்ப் பார்த்தேன். வீடுகள் மஞ்சள், விவசாயம் பச்சை, கல் உடைக்கும் நிலம் பழுப்பு. எங்கள் மஞ்சளுக்கும் மலையின் பழுப்புக்கும் நடுவில் பச்சையே இல்லை. செம்பனை நிலம் முழுவதும் பழுப்பாகி, என் வேலியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

கோயில் செயலாளரிடம் சொன்னேன். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தாமானில் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான்.

"மனு எழுதிடுவோம் டீச்சர். நல்லா காரமா எழுதுங்க. படிக்கிறவனுக்குச் சம்பல் சாப்பிட்ட மாதிரி கண்ணு எரியணும் லா."

எழுதினேன். மலாய் மொழியில் இரண்டு பக்கம். என் மகளின் மூச்சைப் பற்றி ஒரு பத்தி. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கையெழுத்துகளை வரிசையாக வாங்கவில்லை, ஒரு பெரிய வட்டமாக வாங்கினார். தோட்டத்துப் பழக்கம் அது. மேலே முதல் பெயர் யாருடையதோ அவனைத்தான் துரை தண்டிக்க ஆபீசுக்குக் கூப்பிடுவார். வட்டத்துக்கு முதலும் இல்லை, கடைசியும் இல்லை. நடுவில் கோயில் முத்திரையைக் குத்தினார். எனக்கும் அது பிடித்திருந்தது. அழகாகக்கூட இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, கவுண்டர் பெண் அந்த வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆட்சேபிப்பவர் யார்?" என்று மலாயில் கேட்டாள்.

"எல்லாரும்தான்."

"ஒரு பெயர்தான் பதிய முடியும், புவான்" என்று மரியாதையாகச் சொன்னாள்.

என் பெயரைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். நான் அரசாங்கப் பள்ளி ஆசிரியை. பயம் வந்தது. கோயிலின் பெயரைச் சொன்னேன். கவுண்டர் ஓரத்தில் ஒரு கட்டுப் படிவங்கள் இருந்தன. கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது, கோயில் முகவரிக்கு. "நீங்களே போங்க டீச்சர். நான் வாயத் திறந்தா சண்டையிலதான் முடியும்" என்று அண்ணன் என்னிடம் தந்துவிட்டார்.

விசாரணை அதிகாரி வயதானவர், மென்மையாகப் பேசினார். மனுவை மேசையில் விரித்துவைத்து, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாக அந்தப் படிவத்தை நிரப்பியிருக்க வேண்டும் என்றார். அப்படிச் செய்திருந்தால் அவர் முன்னால் முப்பத்தாறு ஆட்சேபங்கள் இருந்திருக்கும். இப்போது இருப்பது ஒன்றே ஒன்று.

"இந்தக் கோயிலுக்கு அங்கே சொந்த நிலம் இருக்கிறதா, புவான்?"

இல்லை. கோயில் நிற்பது தோட்டக் கம்பெனியின் நிலத்தில். அப்படியானால் அந்த ஒன்றும் செல்லாது.

"இப்போது எல்லாரிடமும் படிவம் வாங்கித் தரலாமா?" என்று கேட்டேன்.

"நாள் முடிந்துவிட்டதே" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

காரில் உட்கார்ந்து வெகுநேரம் சாவியைத் திருகவில்லை. படித்தவள் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே அண்ணன் கேட்டார். "பார்க்கிறோம்னு சொல்லியிருக்காங்க" என்றேன். அந்தப் பொய்யோடு ஆறு மாதம் இருந்தேன். காய்கறி வேனில், கோயிலில், பள்ளி வாசலில், யாராவது கேட்பார்கள், "பதில் வந்துச்சா டீச்சர்?" "இன்னும் இல்லங்க." பிறகு கோயிலுக்குப் போவதைக் குறைத்தேன். துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டேன். ஜன்னல் சட்டத்தில் ஈரத்துண்டு செருகினேன். வீட்டை விற்கலாம் என்றார் என் கணவர். பார்க்க வந்த ஒரே குடும்பம் சங்குச் சத்தம் கேட்டதும் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டது.

"அம்மா, செம்பனை எல்லாம் வெட்டிட்டா சங்கு இன்னும் பக்கத்துல கேட்குமா?" என்றாள் மகள். கையில் மூச்சு மருந்து.

"அதெல்லாம் வெட்ட மாட்டாங்க."

அவளிடமும் பொய்.

போன சனிக்கிழமை காலை, செம்பனைக் காட்டில் ரம்பச் சத்தம் கேட்டது. மகளை முன்னறைக்கு அனுப்பிவிட்டுப் பின்கதவைச் சாத்தினேன். முன்வாசலில் அண்ணனின் குரல். அவரோடு தலைக்கவசம் போட்ட ஒரு தமிழ்ப் பெண், கழுத்தில் கேமரா, கையில் கோப்பு. பின்னால் நாலைந்து வீட்டுக்காரர்கள்.

"டீச்சர், இந்தப் பொண்ணு என்னமோ சொல்லுது. கல்லுமலைக் குவாரிய இங்க வரைக்கும் நீட்ட அனுமதி கிடைச்சிருச்சாம். நமக்குப் பதிலே வரல, அதுக்குள்ள எப்படி?"

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சர்வே கம்பெனில இருந்து வர்றேன், ஆன்ட்டி. பக்கத்துல முதல் வெடி வைக்கறதுக்கு முன்னாடி, சுவர்ல இப்ப இருக்கிற விரிசலை எல்லாம் படம் எடுக்கணும். இனிமே புதுசா வந்தாதான் நஷ்டஈடு கேட்க முடியும். படத்துக்குக் கீழ வீட்டுக்காரங்க கையெழுத்துப் போடணும்."

"அவ்வளவுதானே" என்றார் அண்ணன். "ஒரு பேப்பர் குடும்மா. எல்லாரும் சுத்தி வட்டமா போட்டுடுறோம்."

"ஐயோ, அப்படிச் செல்லாது அங்கிள். ஒரே பேப்பர்ல எத்தனை பேர் போட்டாலும் ஆபீஸ்ல ஒண்ணுன்னுதான் எடுத்துக்குவாங்க. வீட்டுக்கு ஒரு பாரம் நிரப்பணும்."

அண்ணன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். முன்னறையில் மகள் இருமும் சத்தம் கேட்டது.

அந்தப் பெண் பேனாவை நீட்டினாள்.

"சரி, முதல்ல யாரு போடறீங்க?"